ஒன்றாம் ஷெட்டு முட்டை

மேல்பக்கம் மட்டும் சின்னதாக உடைத்த ஒரு முட்டை ஓடு, அதன் விளிம்புவரை நல்லெண்ணெய். எங்கள் ஆட்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால், விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை வாயில் ஊற்றி விழுங்கச் செய்வார்கள். முட்டை உள்ளே இறங்கியதும் அதே ஓட்டில் நல்லெண்ணெயை ஊற்றி அதையும் குடிக்க வைப்பார்கள். இடுப்பு எலும்புக்குப் பலம், நாளைக்குப் பிள்ளை பெற உதவும் என்பார்கள். அந்த முட்டையையும் எண்ணெயையும் சீராகக் கொண்டுவர வேண்டியவன் தாய்மாமன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது அவர் கூடவே வந்த வழக்கம் இது. எங்கள் பேச்சில் பாதிக்கு மலையாளம் ஏறிவிட்டது, வழக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த ஓட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அக்கா உள்ளறைக்கு நடந்துபோனது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் மகளுக்குத் தாய்மாமன் நான். இத்தனை வருடம் கழிந்தும் நல்லெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுவதில்லை, கை காலெல்லாம் சில்லிட்டுப் போகிறது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதை வரும்போது சொல்கிறேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போகும்போது கரமனைப் பாலத்தில் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தால் எனக்குக் கால் கூசும். அக்கா என்னை உள்பக்கமாக நடக்கவிட்டு, தான் கைப்பிடிச் சுவர் ஓரமாக நடப்பாள். “லே, ஆறு உன்னத் தேடி மேல ஏறி வரப்போவுதா? பேடிக்காம நடடே” என்பாள். வீட்டில் பயத்துக்குப் பேடி என்றுதான் சொல்லுவோம். எனக்கு மீசை முளைத்த பிறகும் நாலு பேர் நடுவில் அவள் என்னைப் ‘பேடித்தொண்டன்’ என்றுதான் கூப்பிட்டாள், நானும் ஏன் என்று கேட்டதில்லை. கல்யாணமாகி அவள் போன இடமும் அதே கரமனைதான், ஆற்றோரத்தில் ஒரு வாடகை வீடு. அத்தான் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். கோழி கூவும் முன் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் மாமியாரின் ராஜ்யம். அந்த அம்மாள் கண்ணில் படாமல் ஒரு வெங்காயத் தோல்கூட அந்த வீட்டை விட்டு வெளியே போகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் லேப் டெக்னீஷியன் வேலை. லேப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதில் ஒரு மைக்ராஸ்கோப், ஓர் இன்குபேட்டர், கண்ணாடித் தட்டுகள், ஓயாமல் உறுமும் பிரிட்ஜ். வாரத்தில் மூன்று நாள் கால்நடை டாக்டர் ஒருவர் வருவார். மலையாளி. எங்கள் ஆட்களோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டவர், பாதியில் மலையாளத்துக்குத் தாவிவிடுவார். பண்ணையில் இரண்டு ஷெட்டுகள். ஒன்றாம் ஷெட்டுக் கோழிகளுக்கு முதலாளியின் பழைய முறை. ஒரு கோழி தும்மினாலும் எல்லாவற்றின் தண்ணீரிலும் ஆன்டிபயாட்டிக் பொடி. தும்மாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு தடவை பொடி. இரண்டாம் ஷெட்டு டாக்டரின் ஷெட்டு. அங்கே அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குக் குமட்டல் எடுத்தது.

அவர் போனக்காட்டுக்குப் போய், தேயிலை எஸ்டேட் லயங்களில் சுற்றித் திரியும் நாட்டுக்கோழிகளின் எச்சத்தைத் தெர்மாஸ் பிளாஸ்கில் எடுத்து வந்தார். அதில் கெட்ட கிருமி எதுவும் இல்லை என்று தெரியும்வரை திரும்பத் திரும்பச் சோதித்தார். பிறகு அதிலிருந்த நல்ல கிருமிகளைக் குப்பியில் வளர்த்து, இரண்டாம் ஷெட்டுக்குக் குஞ்சுகள் வந்த முதல் நாளே தண்ணீரில் கலந்து கொடுத்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். “எடோ, நாட்டுல குஞ்சு பொரிஞ்சா தள்ளைக்கோழியோட எச்சத்தைக் கொத்தித் தின்னும். அதுல இருந்துதான் அதோட வயித்துக்கு நல்ல கிருமி கிட்டும். நம்ம குஞ்சு மிஷின்ல பொரிஞ்சது, தள்ளையைக் கண்டதே இல்லா. வயிறு காலி. தம்பானூர் ஸ்டாண்டுல பஸ் வந்து நின்னா ஜன்னல் வழியாத் துண்டு, துவர்த்து எறிஞ்சு சீட்டுப் பிடிக்குந்நில்லே? அதுபோல நல்லவன் முதல்ல துவர்த்துப் போட்டா, பின்னால வர்ற கள்ளனுக்கு இருக்க இடம் இல்லா. நிங்கள் பொடி போட்டுப் போட்டு எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, காலி வண்டியைக் கள்ளனுக்குக் கொடுக்குந்நு.” எனக்குப் புரிந்தது. புத்திக்குப் புரிந்தது, மூக்குக்குப் புரியவில்லை. என்ன இருந்தாலும் பீ பீதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றாம் ஷெட்டுக் கோழிகளைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. செக்கச்செவேலென்ற கொண்டை, பளபளக்கும் இறகு, கைக்கு அடங்காத முட்டை. இரண்டாம் ஷெட்டில் கோழி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முட்டை ஒரு சுற்றுச் சிறியது. மாதாமாதம் இரண்டு ஷெட்டிலும் கோழிகளின் பின்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துச் சோதிப்பது என் வேலை. சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பியில் ஊறவைத்து, வேறு குப்பிக்கு மாற்றி, கடைசியில் தட்டில் தேய்த்து, மூன்று நான்கு நாள் காத்திருக்கும் வேலை. அந்தக் கிருமியின் குணம் வேறு. கோழிக்கு ஒரு தொந்தரவும் தராது. வயிற்றுக்குள் சத்தமில்லாமல் குடியிருந்துகொண்டு முட்டைக்குள் இறங்கும், தின்னும் மனிதனைத்தான் பிடிக்கும். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தும், என் மருமகள் பெரியவளான மாதத்துக்கு முந்தின மாதம் நான் ஒன்றாம் ஷெட்டைச் சோதிக்காமலே பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சோம்பல்தான். இவ்வளவு அழகான கோழிக்கு நோயா என்ற மிதப்பும் கூட.

அப்படி இருக்கையில்தான் அத்தான் பண்ணைக்கு போன் செய்தார், என் மருமகள் பெரியவளாகிவிட்டாள் என்று. அக்கா மகள், பதின்மூன்று வயது, என் கைவிரலைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம், முட்டை மட்டும் என் பண்ணையிலிருந்துதான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுகளுக்கு நடுவில் நின்றேன். பீ குடித்த கோழியின் முட்டையை என் மருமகள் வாயில் ஊற்றுவதா? சீச்சீ. ஒன்றாம் ஷெட்டுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, முப்பது முட்டைகளைப் பொறுக்கி எடுத்தேன். இருப்பதிலேயே பெரியவை. பஸ்ஸில் கரமனைவரை அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டில் அறையின் மூலையில் தென்னங்கீற்றால் குச்சு கட்டி, என் மருமகளைத் தலைகுனிந்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சியை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்க முடிவதில்லை. “பாத்தீங்களா அத்த, எந் தம்பி கொண்டு வந்த முட்டைய. வாத்து முட்டை கணக்கா இருக்கு” என்று மாமியாரிடம் காட்டினாள். மறுநாள் விடியற்காலையில் முதல் முட்டை. மாமன் இருக்க வேண்டும் என்று என்னை அங்கேயே தங்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா முட்டையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, அடுத்த நொடியே முழுவதையும் கக்கிவிட்டாள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். “மாமன் சீரைத் துப்புதாளே, வெளங்குமா இவ? இன்னொண்ணு உடை.” அக்கா வேறொரு முட்டையைக் கிண்ணத்தில் ஊற்றினாள். அந்த ஓட்டில் எண்ணெய் நிரப்பினாள். பிள்ளையை எழுப்பிப் பின்னால் உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது கிண்ணமும் காலி, ஓடும் காலி. பிள்ளையின் உதடெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. மாமியார் திருப்தியாக வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். நான் வேலைக்குக் கிளம்பினேன்.

அன்று டாக்டர் தானே வந்து என்னோடு நின்று இரண்டு ஷெட்டிலும் பஞ்சுக்குச்சி எடுத்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். குப்பியில் ஒரு நாள், அடுத்த குப்பியில் ஒரு நாள், தட்டில் இரண்டு நாள். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு இன்குபேட்டரைத் திறந்தேன். இரண்டாம் ஷெட்டுத் தட்டுகளில் குறிப்பாக எதுவும் இல்லை. ஒன்றாம் ஷெட்டுத் தட்டுகளைத் தூக்கினேன். சிவந்த தரையில் புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் கருப்பு. மீன் கண் மாதிரி. ஒன்றிரண்டு அல்ல, தட்டு முழுக்க அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. நான் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். “ஒண்ணாம் ஷெட்டுல முழுசும் உண்டு. உறுதியாச் சொல்ல இன்னும் ஒரு டெஸ்ட் வேணும், பக்ஷே எனக்கு சம்சயமில்லா” என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். “போன மாசம் இல்லான்னு எழுதியிருக்கல்லோ?” நான் “ஆமா சார், அப்போ இல்ல” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டை மூடி வைத்தார். எனக்கோ அந்த நேரத்தில் அவருக்குப் பயப்படக்கூட நேரமில்லை. மணி ஏழரை. அக்கா வீட்டில் ஐந்தாம் நாள் முட்டையும் உடைந்திருக்கும்.

சட்டையைக்கூட மாற்றாமல் ஓடினேன். பஸ் அன்றைக்கென்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எல்லா முட்டையிலும் கிருமி இருக்காது, நூற்றில் ஒன்றிரண்டில் இருந்தாலே அதிகம். ஆனால் பிள்ளை நான்கு நாள் குடித்துவிட்டாள், இன்றைக்கு ஐந்து. வெறும் வயிறு. மேலே எண்ணெய் வேறு. பதின்மூன்று வயது உடம்பு. காய்ச்சல் வந்து, வயிற்றோட்டம் வந்து, ரத்தத்தில் கலந்து... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் “எந்தா அண்ணாச்சி, சுகமில்லே?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே ஆறு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை மறுபடியும் குச்சில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் எண்ணெய் மினுமினுப்பு. முடிந்தது கதை என்று நினைத்தேன். மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி முட்டைகள் இருந்த அட்டை, குங்குமம் வைத்து, சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்ல? நான் கொண்டுவந்த சீரில் விஷம் என்றா? சோதிக்காமல் எழுதினேன் என்றா? “எடே, என்ன இந்நேரத்துக்கு?” என்றாள் அக்கா. நான் “சும்மாதான்” என்று சொல்லிக்கொண்டே விளக்கடிக்குப் போய், அட்டையைத் தூக்கி, இடம் மாற்றி வைப்பதுபோலத் திரும்பி, கையை விட்டுவிட்டேன். அத்தனை முட்டையும் தரையில். மஞ்சளும் வெள்ளையும் வழிந்து பூக்கூடைவரை ஓடியது. மாமியார் “ஐயையோ, குடி கெட்டுதே! மாமன் கையாலயே சீரை உடைச்சுட்டானே!” என்று தலையில் கைவைத்தார். பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். இனி இந்தப் பிள்ளைக்கு முட்டையே வேண்டாம், உளுந்தங்களி போதும் என்று அந்த அம்மாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியதும் அதுதான். அக்கா ஒரு துணியை எடுத்துவந்து குனிந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் வழுக்கிவிட்டது என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கரமனைக்குப் போனேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வயிறு எப்படி இருக்கிறது, வெளியே சரியாகப் போகிறதா என்று அக்காவிடம் கேட்பேன். பெரியவளாகி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது! “உனக்கு என்னடே ஆச்சு? அவ கல்லைத் தின்னாலும் செரிச்சுருவா. போ, போயி ஒரு கல்யாணத்தப் பண்ணு, இந்தப் பைத்தியம் தெளியும்” என்று அக்கா சிரித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை கொல்லைப்பக்கம் போய்வந்தாள். கேட்டதற்கு, விருந்தாளிகள் வந்துபோகிற வீடு, நேரத்துக்குத் தின்னாமல் வயிறு கொஞ்சம் சரியில்லை என்றாள். நான் சரியென்று விட்டுவிட்டேன். என் கண்ணெல்லாம் பிள்ளைமேல்தான். கிருமியைத் தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான்.

அட்டையைக் கீழே போட்ட ஏழாம் நாள் மத்தியானம் பண்ணைக்கு மறுபடியும் போன் வந்தது. எடுக்கும்போதே எனக்குத் தெரியும், பிள்ளைதான் என்று. ஆனால் அத்தான் சொன்னது வேறு. அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள், காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லவேளை, பிள்ளைக்கு இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. இருந்த பயமெல்லாம் இறங்கி, அக்காவுக்கு வந்தது வேறு ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

அக்கா கட்டிலில் ஒரு கிழிந்த துணி மாதிரிக் கிடந்தாள். கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. வெளியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் முந்திக்கொண்டு, எங்கள் வீட்டில் யாரும் வெளியில் சாப்பிடுவதில்லை என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் நகர்ந்த பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். “தம்பி, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லக்கூடாது, கேட்டியா? அந்த முட்டையெல்லாம் நான்தான் குடிச்சேன். பிள்ளைக்கு எறங்கலடே, பாக்கப் பாவமா இருந்துது. அவ பாட்டி சும்மா விடமாட்டா. அதான் உள்ள கூட்டிட்டுப் போயி, எண்ணெய அவ உதட்டுல தடவிட்டு, நான் குடிச்சேன். அஞ்சு நாளும். பிள்ளைக்கு வந்த சீரைத் தாயே திங்கலாமா? அம்மன் பொறுப்பாளா? அதான் பிடிச்சுட்டா. உன் கையில இருந்த அட்டையும் அதான் விழுந்துது.”

அத்தனை நாளும் நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததெல்லாம் தப்பான ஆளின் நெற்றி. எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். அந்த இளம் டாக்டரைப் பிடித்து, சார், பச்சை முட்டை, ஐந்து நாள், அந்தக் கோழிகளுக்கு சால்மொனெல்லா, மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்த கோழிகள், அந்த மருந்து கேட்காமலும் போகலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலிலேயே சொல்வதற்கென்ன என்று மலையாளத்தில் ஒரு சத்தம் போட்டார். மருந்தை மாற்றினார்கள். ரத்தத்திலும் கிருமி இருப்பதாகப் பிறகு சொன்னார்கள். நான்கு நாள் அக்காவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அந்த நான்கு நாளும் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கி, கஞ்சி கேட்டாள். பண்ணையில் ஒன்றாம் ஷெட்டு முட்டை விற்பதை, தட்டில் கிருமி தெரிந்த அன்றே டாக்டர் நிறுத்திவிட்டிருந்தார். பிறகு அந்தக் கோழிகளையே அழித்தார்கள். செக்கச்செவேலென்ற கொண்டைகள் கடைசிவரை அப்படியேதான் இருந்தன.

வெட்கப்பட வேண்டியதைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன், அக்காவிடம் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் அவளுடைய இடது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. இந்தக் கிருமிக் காய்ச்சல் வந்து போனபின் சிலருக்கு மூட்டில் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வாதம் என்றார்கள். அக்கா மட்டும் அம்மன் விட்டுவைத்த அடையாளம் என்றாள். வீக்கம் வற்றியும் கால் முழுசாக மடங்கவில்லை. அதன்பின் தரையில் சம்மணமிட்டு அவள் உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் வருடா வருடம் அம்மன் கோவில் பொங்காலைக்குப் போய், சாலையோரத்தில் மூன்று செங்கல் வைத்து, அந்தக் காலை நீட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து பானை பொங்கும்வரை கன்னத்தில் போட்டுக்கொள்வாள். “எம் பிள்ளை பங்கைத் தின்ன வாயி இது, மன்னிச்சுக்கோ தாயே.” நான்தான் விறகும் செங்கலும் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்திலேயே நிற்பேன். ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். என்மேல் அவள் வைத்திருக்கும் பாசம் போய்விடுமோ என்ற பேடியில் குனிந்து இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளுவேன். சாமி செய்தது என்று நம்பினால் அவளுக்கு அது பழகிவிடும், தம்பி செய்தது என்றால் பழகுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சமாதானம் எனக்குத்தான், அவளுக்கில்லை. அவள் ஒரு குற்றமும் செய்யாமல் இருபது வருடத்துக்கு மேல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் என் மருமகளின் மகள் பெரியவளானாள். முறைப்படி மாமன், அதாவது அக்காவின் மகன், துபாயில். அக்கா எனக்கு போன் செய்தாள். “அவன் சார்பா நீதான் முட்டை கொண்டு வரணும். இந்தத் தடவை கையை விட்டுராத, பேடித்தொண்டா” என்று சிரித்தாள். முட்டை வாங்கிவந்து அடுப்படியில் வைத்துவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முப்பதையும் கல்லாக அவித்தேன். துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா நாற்காலியில் இடது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் பழைய வெண்கலக் கிண்ணமும் நல்லெண்ணெய் பாட்டிலும். மூட்டையைப் பிரித்து ஒரு முட்டையை எடுத்தவள், “என்னடே இது, சூடா இருக்கு?” என்றாள்.

“அவிச்சிருக்கேன்க்கா.”

“அவிச்ச முட்டைய எவனாவது சீரு கொண்டு வருவானா? ஓட்டுல எப்படி எண்ண ஊத்துவேன்?”

“பச்சையாக் குடுக்கக் கூடாதுக்கா. முட்டைக்குள்ள கிருமி இருக்கும். அது ஆளையே கொன்னுரும்.”

அவள் கையிலிருந்த முட்டையைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தாள். அன்றைக்கு ஈரத் துணியோடு நிமிர்ந்து பார்த்தாளே, அதே பார்வை. “இது உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

எனக்குக் கால் கூசியது. இந்த முறை என்னை உள்பக்கமாக விட்டு, ஓரமாக நடக்க யாரும் இல்லை. “அப்பவே தெரியும்க்கா. அஞ்சாம் நாள் காலைல தெரிஞ்சுது. அதான் அட்டையக் கீழ போட்டேன். அதுக்கு முன்னால கோழியச் சோதிச்சிருக்கணும். சோதிக்காமலே சோதிச்சேன்னு எழுதி வச்சேன்.”

“ஆஸ்பத்திரில நான் உங்கிட்ட சொன்னப்ப?”

“அப்பவும் தெரியும்.”

அவள் கை தானாக அந்த முழங்காலுக்குப் போனது. மெதுவாகத் தடவிக்கொண்டாள். “அப்போ அம்மன் இல்லியா?”

“இல்லக்கா. நான்தான்.”

உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா திட்டினால் தேவலை என்றிருந்தது. கையிலிருந்த முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உரிக்க ஆரம்பித்தாள். ஓடு துண்டு துண்டாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட நிற்காத சின்னச் சின்னச் சில்லுகள். உரித்த முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் கருவை வெளிச்சத்தில் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிள்ளையைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பாதியை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“மொதல்ல நீ தின்னு.”

நான் வாங்கி வாயில் போட்டு மென்றேன். தொண்டைக்குள் அது இறங்கும்வரை அக்கா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் உள்ளே திரும்பிப் பேத்தியைக் கூப்பிட்டாள்.